தாடையில் வைக்கும் எலும்புத் தூள் எதிலிருந்து வருகிறது? – எலும்பு ஒட்டு சிகிச்சையும் மார்க்கத்தின் வழிகாட்டலும்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், மதரஸாவில் நமக்கு இரண்டு வகுப்பு இளையவராக ஓதிய இமாம் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். பைக் விபத்தில் அவர் மேல் முன்பற்கள் இரண்டை இழந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கழற்றி மாட்டும் பல்செட்டை வைத்துக்கொண்டு தொழவைத்து வந்தார். ஓதும்போது அது ஆடுகிறது. சில எழுத்துகள் வழுக்கிவிடுகின்றன. அதனால் நிரந்தரமாக இம்ப்ளாண்ட் பல் பொருத்திக்கொள்ள முடிவு செய்து பல் மருத்துவரிடம் போயிருக்கிறார். ஸ்கேன் பார்த்த மருத்துவர், "எலும்பு கரைந்திருக்கிறது, முதலில் எலும்பு ஒட்டு வைக்க வேண்டும்" என்று சொல்லி, ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் எலும்புத் தூள், சவ்வு, இம்ப்ளாண்ட் என்று தனித்தனியாகத் தொகை போட்டிருந்தது.

"ஹஜ்ரத், இந்தத் தூள் எதிலிருந்து எடுப்பது என்று அங்கே வேலை பார்க்கும் பிள்ளையிடம் கேட்டேன். 'அதெல்லாம் மருந்துதான் பாய், பயப்படாதீங்க' என்று சொல்லிவிட்டது. வீட்டில் ஒருவர் பன்றி எலும்பு என்கிறார். இன்னொருவர் மய்யித்தின் எலும்பு என்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை" என்றார்.

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. 'பன்றி எலும்பு' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நல்ல சிகிச்சையைப் பாதியில் விட்டு வந்தவர்கள் நம் ஜமாஅத்துகளில் இருக்கிறார்கள். எதையும் கேட்காமல் செய்துகொண்டு, பிறகு எதையோ படித்துவிட்டு, 'என் தொழுகை கூடுமா' என்று கவலைப்படுபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் தெளிவு கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் இதை எழுதுகிறோம். மருத்துவ விவரங்களைப் பல் மருத்துவர்களிடம் கேட்டும், மார்க்கச் சட்டங்களை ஃபிக்ஹு நூல்களைப் பார்த்தும் தொகுத்திருக்கிறோம்.

பல் போனால் எலும்பு ஏன் கரைகிறது?

பல் தாடையில் ஆணி அடித்தது போல நிற்பதில்லை. பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய நார்ப்படலமும், அதைச் சுற்றிப் பல்லைத் தாங்குவதற்கென்றே அமைந்த எலும்பும் இருக்கின்றன. நாம் மெல்லும்போதெல்லாம் அழுத்தம் பல்லின் வழியாக அந்த எலும்புக்குச் செல்கிறது. அந்த வேலை இருக்கும் வரை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல் போய்விட்டால் எலும்புக்கு வேலை இல்லை. உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது.

இந்தக் கரைவு நாம் நினைப்பதைவிட வேகமானது. பல் பிடுங்கிய ஓராண்டுக்குள் அந்த இடத்து எலும்பின் அகலத்தில் ஏறத்தாழ பாதி குறைந்துவிடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. மேல் முன்பற்களின் நிலை இன்னும் சிக்கலானது. அவற்றின் முன்புற எலும்புச் சுவர் பெரும்பாலோருக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. விபத்தில் பல்லோடு அந்தச் சுவரும் உடைந்துபோவதுண்டு. நம் இமாமுக்கு நடந்ததும் அதுதான்.

விபத்து மட்டும் காரணமல்ல. ஈறு நோய் முற்றினால் பல் வாயில் இருக்கும்போதே அதைச் சுற்றியுள்ள எலும்பு கரையும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும், பீடி சிகரெட்டும், புகையிலைப் பழக்கமும் இதை விரைவுபடுத்தும். பல ஆண்டுகள் முழுப் பல்செட் போட்டவர்களுக்குத் தாடை மேடு தேய்ந்து, பல்செட் நிற்க இடமில்லாமல் போவதும் இதனால்தான்.

எலும்பு ஒட்டு என்பது என்ன?

இம்ப்ளாண்ட் என்பது டைட்டானியத்தால் ஆன ஒரு சிறிய திருகு. அதைத் தாடை எலும்பில் பதித்து, அது எலும்போடு ஒன்றிய பிறகு மேலே பல்லைப் பொருத்துவார்கள். டைட்டானியத்துடன் எலும்பு இறுக ஒன்றிவிடும் என்பதை ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரனெமார்க் 1950களில் கண்டார். 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இந்த முறையில் பல் பொருத்தினார். இன்று நம் ஊர்களில் நடக்கும் இம்ப்ளாண்ட் சிகிச்சைக்கு அதுவே அடிப்படை.

திருகு நிற்க எலும்பு வேண்டும். வழக்கமாகப் பயன்படும் திருகின் குறுக்களவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எலும்பாவது இருந்தால்தான் அது நிலைக்கும். அந்த அளவு இல்லாத இடத்தில் எலும்பை வளர்த்தெடுப்பதற்கே எலும்பு ஒட்டு.

வீடு கட்டும்போது சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கொத்தனார் சாரத்தில் ஏறி நின்று சுவரை எழுப்புவார். எலும்புத் தூளும் பெரும்பாலும் அத்தகைய சாரம்தான். தூள் வைத்த இடத்தில் நம் இரத்த நாளங்கள் நுழையும். பின்னால் நம் எலும்புச் செல்கள் வந்து புது எலும்பைக் கட்டும். வைத்த தூள் சில வகைகளில் சில மாதங்களில் கரைந்து போகும். சில வகைகளில் பல ஆண்டுகள் அங்கேயே தங்கி, நம் எலும்பு அதைச் சூழ்ந்து வளரும். இந்த வேறுபாடு மார்க்கச் சட்டத்துக்கும் முக்கியம் என்பதால் நினைவில் வைத்துக்கொள்வோம்.

பல் பிடுங்கியவுடனேயே குழியில் தூள் வைத்து எலும்பைக் காப்பது ஒரு முறை. கரைந்துபோன மேட்டை அகலப்படுத்துவது இன்னொரு முறை. மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே மேல் தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் அடித்தளத்தை உயர்த்தித் தூள் வைப்பது மூன்றாவது முறை. இதை 'சைனஸ் லிஃப்ட்' என்பார்கள். எலும்பு உறுதிப்படப் பொதுவாக நான்கு முதல் ஒன்பது மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

தூள் வரும் வழிகள்

முதலாவது, நோயாளியின் சொந்த எலும்பு. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலிருந்தோ, முகவாயிலிருந்தோ, பெரிய அளவில் தேவைப்பட்டால் இடுப்பு எலும்பிலிருந்தோ எடுப்பார்கள். உயிருள்ள செல்களோடு வருவதால் மருத்துவர்கள் இதை மிகச் சிறந்ததாகக் கருதுகிறார்கள். இன்னொரு இடத்திலும் அறுவை செய்ய வேண்டும் என்பது இதிலுள்ள சிரமம்.

இரண்டாவது, பிற மனிதரின் எலும்பு. உடல் தானம் செய்தவர்களிடமிருந்தோ, மூட்டு அறுவை சிகிச்சையின்போது அகற்றப்பட்டதிலிருந்தோ எடுத்து, சுத்திகரித்து, உறைய வைத்து உலர்த்தி, கதிர்வீச்சால் கிருமி நீக்கித் தருவார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இதற்கான திசு வங்கி இருக்கிறது.

மூன்றாவது, விலங்கின் எலும்பு. மாட்டெலும்பே மிகப் பரவலாகப் பயன்படுகிறது. 'பயோ-ஆஸ்' என்ற பெயரில் வரும் தூள் மாட்டெலும்பிலிருந்து தயாராவது. கொழுப்பு, புரதம் போன்றவற்றை நீக்கிக் கனிமப் பகுதியை மட்டும் எடுப்பார்கள். இது மிக மெதுவாகவே கரையும். பன்றி எலும்பிலிருந்தும் குதிரை எலும்பிலிருந்தும் தயாராகும் தூள்களும் சந்தையில் உண்டு. ஆகவே 'பன்றி எலும்பு' என்று மக்கள் சொல்வது முழுக்க வதந்தியல்ல. எல்லாத் தூளும் பன்றி என்பதும் உண்மையல்ல.

நான்காவது, செயற்கைத் தூள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸி அபடைட், ட்ரை கால்சியம் பாஸ்பேட் போன்றவை இதில் அடங்கும். உயிரியக்கக் கண்ணாடி எனப்படும் ஒரு வகையும் உண்டு. எந்த உயிரினத்தின் எலும்பும் இல்லாமல் ஆய்வகத்தில் இவற்றைத் தயாரிக்க முடியும். இந்தியாவிலும் இவை எளிதில் கிடைக்கின்றன.

சவ்வை மறந்துவிட வேண்டாம்

நாம் கவனிக்கத் தவறும் இடம் இது. தூளை வைத்த பிறகு, ஈறின் தசை உள்ளே நுழைந்து எலும்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க மேலே ஒரு சவ்வைப் போர்த்துவார்கள். இந்தச் சவ்வு பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் 'பயோ-கைடு' என்ற சவ்வு பன்றியின் கொலாஜனிலிருந்து தயாராகிறது. தூள் மாட்டெலும்பு என்று தெரிந்து மனநிறைவோடு திரும்பி வருபவர், மேலே போர்த்திய சவ்வைப் பற்றிக் கேட்பதே இல்லை.

சவ்விலும் மாற்று உண்டு. மாட்டின் கொலாஜனில் செய்தவை இருக்கின்றன. மீனிலிருந்து எடுத்த கொலாஜன் சவ்வும் நம் நாட்டில் பயன்பாட்டில் இருக்கிறது. செயற்கைப் பொருளாலான சவ்வும், டைட்டானிய வலையும் உண்டு. நோயாளியின் கையிலிருந்தே சிறிது இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, அதில் திரளும் நார்ப்பொருளைச் சவ்வாகத் தட்டி வைக்கும் 'பிஆர்எஃப்' முறையையும் இப்போது பல மருத்துவர்கள் செய்கிறார்கள். எந்த நோயாளிக்கு எது போதும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஃபிக்ஹு நூல்கள் சொல்வது என்ன?

இது நவீன சிகிச்சையாயிற்றே, பழைய கிதாபுகளில் இதற்கு எங்கே பதில் இருக்கப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். நம் இமாம்கள் இதைத் தொட்டிருக்கிறார்கள்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதும், அல்லாஹ் எந்த நோயையும் நிவாரணமின்றி இறக்கவில்லை என்று கூறியதும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளன. அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்களின் சம்பவம் இன்னும் நெருக்கமானது. அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் அவர்களின் மூக்கு துண்டிக்கப்பட்டது. வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார்கள். அது துர்வாடை வீசியது. அப்போது தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கட்டளையிட்டார்கள். இது அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய நூல்களில் உள்ளது. ஆண்களுக்குத் தடையான தங்கமே தேவைக்காக அனுமதிக்கப்பட்டது. இதை ஆதாரமாகக் கொண்டு ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டலாம் என்று அறிஞர்கள் பலர் சட்டம் சொன்னார்கள்.

எலும்பு ஒட்டைப் பற்றி ஷாஃபிஈ மத்ஹபின் மாபெரும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 676இல் வஃபாத் ஆனவர்கள், தமது மின்ஹாஜ் நூலில் தொழுகையின் நிபந்தனைகளைக் கூறுமிடத்திலேயே பேசுகிறார்கள். அதன் கருத்து இதுதான்: தூய்மையான எலும்பு கிடைக்காததால் ஒருவர் தம் எலும்போடு நஜீஸான எலும்பைச் சேர்த்துக்கொண்டால் அவருக்கு மன்னிப்பு உண்டு. தூய்மையானது கிடைத்தும் அப்படிச் செய்தால், வெளிப்படையான பாதிப்பு ஏற்படும் என்ற அச்சம் இல்லாதபோது, அதை அகற்ற வேண்டும். அவர் இறந்துவிட்டால் அதை அகற்ற வேண்டியதில்லை என்பதே சரியான சொல்.

எழுநூறு ஆண்டுகளுக்கும் அதிகமான காலத்துக்கு முன் எழுதப்பட்ட இந்தச் சட்டத்தில் நமக்குத் தேவையான மூன்று பதில்கள் இருக்கின்றன. தூய்மையான மாற்று இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். இல்லாதபோது சலுகை உண்டு. ஒன்றிப் போனதை உடலைப் பாதித்து எடுக்க வேண்டியதில்லை.

ஹனஃபீ மத்ஹபைப் பொறுத்தவரை, ஆடு, மாடு, ஒட்டகம் போன்றவற்றின் எலும்பால் மருத்துவம் செய்வதில் குற்றமில்லை, பன்றியின் எலும்பும் மனித எலும்பும் மட்டும் விலக்கு என்று இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் கூறியதாக ஃபதாவா ஹிந்திய்யாவில் பதிவாகியுள்ளது. விழுந்த பல்லின் இடத்தில் அறுக்கப்பட்ட ஆட்டின் பல்லை வைத்துக் கட்டலாம் என்பதை இமாம் காஸானீ (ரஹ்) அவர்களின் பதாயிஉஸ் ஸனாயிஉ நூலில் காணலாம்.

இவற்றை வைத்து ஒவ்வொரு வகையையும் பார்ப்போம்.

சொந்த எலும்பு: ஒருவரின் உடலிலிருந்து அவருக்கே எலும்பை எடுத்து ஒட்டுவது கூடும் என்று ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹுப் பேரவை 1985ஆம் ஆண்டு மக்காவில் நடந்த 8ஆவது அமர்வில் முடிவு செய்தது. கிடைக்கும் பலன் ஏற்படும் பாதிப்பைவிட மிகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இதே முடிவைக் கூறியது.

செயற்கைத் தூள்: உயிரினத்தின் பொருள் எதுவும் கலக்காதபோது மார்க்க ரீதியான சிக்கலும் இல்லை.

மாட்டெலும்பு: முறைப்படி அறுக்கப்பட்ட மாடு என்றால் எந்த மத்ஹபிலும் தடையில்லை. வெளிநாட்டில் எப்படி அறுத்தார்கள் என்று தெரியாதபோதுதான் கருத்து வேறுபாடு வருகிறது. ஹனஃபீ மத்ஹபில், அறுக்கப்படாத பிராணியின் எலும்பும் பசையும் கொழுப்பும் நீங்கினால் தூய்மையானதே. ஷாஃபிஈ மத்ஹபில் அது நஜீஸ். ஆகவே ஷாஃபிஈகள் செயற்கைத் தூளையோ, ஹலால் சான்று பெற்றதையோ, சொந்த எலும்பையோ தேர்ந்தெடுப்பது பேணுதல்.

பிற மனிதரின் எலும்பு: மனித உடலின் கண்ணியத்தை முன்னிட்டு ஹனஃபீ நூல்கள் இதைத் தடுக்கின்றன. விற்பனையாக இல்லாமல், உரிய அனுமதியோடு, அவசியத் தேவைக்காக என்ற நிபந்தனைகளுடன் சமகால அறிஞர்கள் பலர் உறுப்பு மாற்றை அனுமதித்துள்ளார்கள். இரண்டு பற்களுக்காக இந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் போக வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு வராது. புற்றுநோயாலோ பெரும் விபத்தாலோ தாடையின் பெரும்பகுதியை இழந்தவரின் நிலை வேறு. அவர் ஆலிம்களிடம் தம் நிலையைச் சொல்லி ஃபத்வா பெறட்டும்.

பன்றி: மாற்று இருக்கும்போது கூடாது. உருமாற்றம் பெற்றுவிட்டதே, அதாவது இஸ்திஹாலா ஆகிவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். உப்பளத்தில் விழுந்த பிராணி உப்பாகவே மாறிவிட்டால் அது தூய்மை என்பது ஹனஃபீ மத்ஹபில் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் சொல். ஷாஃபிஈ மத்ஹப் இந்த வாசலை மிகக் குறுகலாகவே திறக்கிறது. மேலும், கொலாஜன் சவ்வில் அந்தப் புரதம் புரதமாகவே இருக்கிறது. உப்பளத்து உதாரணம் அதற்குப் பொருந்துமா என்பதே கேள்வி. மீனும் மாடும் செயற்கையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இந்த விவாதத்தின் மீது நம் தொழுகையை நிறுத்த வேண்டியதில்லை.

இது அலங்காரமா, தேவையா?

'பல் இல்லாவிட்டால் என்ன, உயிரா போகிறது?' என்று கேட்பவர்களும் உண்டு. உயிர் போகாது, ஆகவே எல்லாவற்றையும் ஆகுமாக்கும் நிர்ப்பந்தம் இது என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் மெல்வதும் பேசுவதும் மனிதனின் தேவைகள். இமாமைப் பொறுத்தவரை இன்னொன்றும் சேர்கிறது. 'ஃபா' என்ற எழுத்து மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொடுமிடத்தில் பிறக்கிறது. 'ஸா', 'தால்', 'ளா' என்ற மூன்று எழுத்துகளுக்கு நாவின் நுனி மேல் முன்பற்களின் நுனியைத் தொட வேண்டும். எழுத்தை மாற்றி உச்சரிப்பவர், சரியாக ஓதுபவருக்கு இமாமாக நிற்பது பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனிச் சட்டமே இருக்கிறது. நம் இமாமின் தூக்கத்தைக் கெடுத்தது முகத்தின் அழகு பற்றிய கவலை அல்ல. பாத்திஹா சூராவின் 'அல்லதீன'வும் 'மக்ளூபி'யை அடுத்து வரும் எழுத்துகளும் தம் நாவில் பழையபடி நிற்குமா என்ற கவலைதான்.

இழந்த உறுப்பைச் சீர்செய்வது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதில் சேராது என்பதற்கு அர்ஃபஜா (ரலி) அவர்களின் சம்பவமே போதுமானது.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

சிகிச்சை நாற்காலியில் வாயைத் திறந்த பிறகு கேட்க முடியாது. செலவுத் தாள் கையில் வரும் நாளிலேயே மரியாதையோடு கேட்டுவிட வேண்டும்.

தூள் எதிலிருந்து தயாரானது? சவ்வு எதிலிருந்து தயாரானது? இரண்டின் உறையையும் பார்க்கலாமா? மாடு, பன்றி, குதிரை, மனிதர், செயற்கை என்ற மூலம் உறையிலோ உள்ளிருக்கும் குறிப்புத் தாளிலோ பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். என் மார்க்கப்படி பன்றியும் மனித எலும்பும் வேண்டாம், என் நிலைக்குப் பொருந்தும் மாற்று எது? அந்த மாற்றால் பலன் குறையுமா, செலவு கூடுமா? எலும்பு ஒட்டே இல்லாமல் சிறிய திருகு, பாலப் பல், கழற்றும் பல்செட் போன்ற வழி உண்டா?

நம் உடலில் எது வைக்கப்படுகிறது என்று அறிவது நோயாளியின் உரிமை. உறையைக் காட்டுமாறு கேட்பதில் மருத்துவரை அவமதிப்பது எதுவும் இல்லை. ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் முன், வேண்டாத பொருளைக் குறிப்பிட்டு எழுதித் தரச் சொல்வதும் நல்லது.

நம் பக்கம் மறைக்கக் கூடாதவையும் உண்டு. சர்க்கரை அளவு, புகைப்பழக்கம், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, தலை கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு எடுத்தது ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ போடும் சில மருந்துகள் அறுவைக்குப் பின் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் நிலையை ஏற்படுத்தக்கூடும். அவற்றை எடுத்தவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தவும் கூடாது.

சிகிச்சைக்குப் பின் உளூ, தொழுகை, நோன்பு

அறுவை நடந்த நாளில் வாயை வேகமாகக் கொப்பளித்தால் உறைந்த இரத்தம் கலைந்து, வைத்த தூளும் வெளியேறலாம். உளூவில் வாய் கொப்பளிப்பது சுன்னத். தண்ணீரை மெதுவாக வாயில் விட்டு வழியவிட்டால் போதும். அதுவும் கூடாது என்று மருத்துவர் சொன்னால் விட்டுவிடலாம். ஹனஃபீ மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய்க்கும் மூக்குக்கும் தண்ணீர் செலுத்துவது ஃபர்ளு என்பதால், அறுவைக்கு முன்பே குளித்துத் தயாராகிச் செல்வது சிறந்தது.

சைனஸ் லிஃப்ட் செய்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூக்கைச் சிந்துவதால் காற்றறையில் அழுத்தம் ஏறி, வைத்த தூள் இடம் பெயரக்கூடும். உளூவில் மூக்குக்கு மிக மென்மையாகத் தண்ணீர் காட்ட வேண்டும், சிந்தக் கூடாது. தலையைத் தாழ்த்தக் கூடாது என்று மருத்துவர் சில நாட்களுக்குத் தடுத்தால், நோயாளியின் சட்டப்படி ருகூவையும் சுஜூதையும் சைகையால் செய்யலாம். 'சுஜூது செய்யலாமா' என்று மருத்துவரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் அவருக்கு அது நினைவுக்கு வராது.

எச்சிலில் இரத்தம் மிகைத்து வந்தால் ஹனஃபீ மத்ஹபில் உளூ முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது, ஆனால் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசியால் நோன்பு முறியாது என்பது சமகால அறிஞர்கள் பலரின் கருத்து. இரத்தத்தையும் தண்ணீரையும் விழுங்கிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், ரமளானுக்கு முன்போ பின்போ நாள் குறிப்பதே நல்லது.

இம்ப்ளாண்ட் பல் பொருந்திய பிறகு அது உடலின் ஓர் உறுப்பைப் போன்றது. குளிப்புக்காகக் கழற்ற வேண்டியதில்லை. அதன் மேல் தண்ணீர் பட்டால் போதும். ஜனாஸாவிலும் அதை அகற்ற வேண்டியதில்லை.

ஏற்கெனவே செய்துகொண்டவர்கள்

பழைய சிகிச்சையில் எது வைத்தார்கள் என்று தெரியாத சகோதரர்கள் கலங்க வேண்டாம். அறியாமல் நடந்ததற்காக அல்லாஹ் குற்றம் பிடிப்பதில்லை. கொலாஜன் சவ்வு சில மாதங்களில் கரைந்து போயிருக்கும். தூள் எலும்போடு எலும்பாகியிருக்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் தாடையை அறுக்க வேண்டும், பொருத்திய பல்லையும் இழக்க வேண்டும். இது வெளிப்படையான பாதிப்பு என்பதால், இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் கூறிய சட்டப்படியே அகற்றும் கடமை இல்லை. தொழுத தொழுகைகளை எண்ணி எண்ணி வஸ்வாஸில் விழவும் வேண்டாம். மனம் அமைதியடையாதவர் தம் மத்ஹபு ஆலிம் ஒருவரிடம் நேரில் சொல்லித் தெளிவு பெறட்டும்.

எலும்பு கரையாமல் காப்பது

இவ்வளவு செலவும் சிரமமும் வராமல் தடுக்கும் வழியை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லையென்றால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. ஈறு நோய்தான் பெரியவர்கள் பலரின் தாடை எலும்பை ஓசையின்றிக் கரைப்பது. ஈறில் இரத்தம் கசிந்தால் 'சூடு' என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை வாயில் அடக்கும் பழக்கத்தை விட வேண்டும். பல்லைப் பிடுங்க நேர்ந்தால், 'இந்தக் குழியில் எலும்பைக் காக்க இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா' என்று அன்றைக்கே கேட்பது, பின்னால் பெரிய அறுவையைத் தவிர்க்க உதவும்.

நம் இமாமோடு மறுவாரம் நாமும் அந்த மருத்துவரிடம் போனோம். அவர் முகம் கோணாமல் இரண்டு உறைகளையும் எடுத்து மேசையில் வைத்தார். தூள் மாட்டெலும்பு, சவ்வில் பன்றி. "இதைச் சொல்லியிருந்தால் முதலிலேயே மாற்றியிருப்பேனே" என்றார். செயற்கைத் தூளோடு கடைவாயிலிருந்து எடுத்த அவருடைய சொந்த எலும்பையும் கலந்து வைத்து, மேலே மீன் கொலாஜன் சவ்வைப் போர்த்தினார்கள். இப்போது எலும்பு வளர்ந்து திருகும் பதித்தாகிவிட்டது. பல் பொருத்தும் நாளுக்காக அவர் காத்திருக்கிறார். இவ்வளவுக்கும் தேவைப்பட்டது ஒரேயொரு கேள்வி. அதைக் கேட்கும் முன் அவர் பல இரவுகள் தூங்காமல் இருந்தார்.

ஹலாலைத் தேடும் தேட்டத்தையும், அதைக் கேட்டு அறியும் துணிவையும், நோயிலிருந்து பூரண ஷிஃபாவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.